திரையிலிருந்து வார்டுக்கு

2020 டிசம்பர் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் மறுபடி திறந்தன. கொரோனா பரவியதால் மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போன பிள்ளைகள், ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்துப் பெட்டி படுக்கையோடு திரும்பினார்கள். அந்தத் திறப்பும் நிலைக்கவில்லை. 2021 கோடையில் இரண்டாம் அலை வந்தது. வகுப்புகள் மறுபடி செல்போனுக்குள் போயின. ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் மருத்துவ, நர்சிங் கல்லூரிகள் இன்னொரு முறை திறந்தன. எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, அதற்குமேல் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இதில் ஓராண்டு வீட்டுக் கூடத்திலேயே கழிந்தால் அது சின்ன இழப்பில்லை.

திரும்பி வந்த பிள்ளைகள் திணறியபோது, வீட்டிலேயே இருந்து சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அது தவறான கணிப்பு. அவர்களுக்குப் பாதிப் பாடம்தான் கிடைத்திருந்தது. முழுப் பாடமும் கிடைத்ததாக மதிப்பெண் பட்டியல் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் சோம்பேறிகள் என்றோம். நோய், பிரசவம், குடும்பச் சூழல் என்று ஏதோ ஒரு காரணத்தால் படிப்பை இடையில் விட்டுவிட்டு வார்டுக்குத் திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்கள் படும் பாடும் இதேதான். ஆகவே அந்தப் பாதிப் பாடம் எது என்று விளங்கிக்கொள்வது நல்லது.

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990இல் நான்கு படிகளைச் சொன்னார். விஷயம் தெரிவது முதல் படி. எப்படிச் செய்வது என்று தெரிவது இரண்டாவது. செய்து காட்டுவது மூன்றாவது. யாரும் கவனிக்காதபோதும் நிஜ நோயாளியிடம் சரியாகச் செய்வது நான்காவது. ஆன்லைன் வகுப்பு முதல் இரண்டு படிகளுக்குப் போதும். நல்ல ஆசிரியராக இருந்தால் நேரடி வகுப்பைவிடக்கூட நன்றாகச் செய்யலாம், ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பக் கேட்க முடியும் அல்லவா. மூன்றாவது படிக்கு ஓர் உடம்பு வேண்டும், பக்கத்தில் நின்று திருத்த ஒருவர் வேண்டும். நான்காவது படி ஆஸ்பத்திரிக்கு வெளியே கிடையாது.

பி.பி. பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். பாடத்தில் அது ஒரு பத்தி. கஃபை மேல்கையில் சுற்ற வேண்டும், அதன் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடியே காற்றை ஏற்ற வேண்டும். நாடி எந்த அளவில் மறைகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்குமேல் இன்னொரு 30 மி.மீ. ஏற்ற வேண்டும். பிறகு ஸ்டெத்தை முழங்கை மடிப்பின் உட்புறம் வைத்து, விநாடிக்கு 2 மி.மீ. அளவில் மெதுவாக இறக்க வேண்டும். முதலில் கேட்கும் 'டொக்' மேல் அளவு, சத்தம் முழுக்க மறையும் இடம் கீழ் அளவு. ரஷ்ய மருத்துவர் கொரொட்காஃப் 1905இல் விவரித்த சத்தம் இது. மாணவர் இதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்.

வார்டில் நடப்பது வேறு. காற்றை இறக்கும் திருகைக் கட்டைவிரலால் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் காற்று சரேலென்று இறங்கி முதல் சத்தமே தப்பிவிடும். ஸ்டெத்தின் காதுமுனைகளைத் திருப்பிப் போட்டால் சரியாகக் கேட்காது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கும், டிராலி உருளும், அடுத்த கட்டிலில் ஒருவர் இருமுவார். இத்தனைக்கும் நடுவே அந்த மெல்லிய தட்டலைக் காது பிரித்து எடுக்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சில இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் சத்தமே இருக்காது, அப்புறம் மறுபடி வரும். முதலில் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் நேராக ஸ்டெத்தை வைத்தவர், அந்த இரண்டாவது வருகையை முதல் சத்தம் என்று நினைத்து, 190 இருப்பவருக்கு 150 என்று எழுதிவிடலாம். நாடியைத் தொடு என்று பாடம் சொல்வதன் காரணம் இதுதான். திரையில் படிக்கும்போது அது தாண்டிப் போகக்கூடிய ஒரு வரியாகவே தெரியும். ஊரடங்கில் வீட்டு டிஜிட்டல் மெஷினை வைத்து அப்பாவுக்குப் பி.பி. பார்த்துப் பழகினேன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அந்த மெஷின் எண்ணைத் தரும், காதைப் பழக்காது.

இந்தக் குறையைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும்படி இரட்டைக் குழாய் வைத்த ஸ்டெத் இருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கேட்டு, "இப்ப கேக்குதா? இதுதான்" என்று சுட்டிக்காட்டினால், பிறகு அதை மறக்க முடியாது. தடையாக நிற்பது வெட்கம். மூன்றாம் ஆண்டு மாணவி எழுந்து, "சார், எனக்கு பி.பி. பார்க்கத் தெரியாது" என்று சொல்ல வேண்டும், அதுவும் முதலாண்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது. பெரும்பாலும் சொல்வதில்லை. 120க்கு 80 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். நேரடி வகுப்புக்குத் திரும்பியதில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம் இதுவே என்று நினைக்கிறேன். தெரியாதது ஆபத்தில்லை, மறைப்பதுதான் ஆபத்து. முதல் நாளே ஆசிரியர், "இந்த பேட்ச்சுக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு பி.பி.யிலிருந்து தொடங்குகிறேன்" என்று அறிவித்துவிட்டால், யாரும் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பல வாரப் பலன் உண்டு.

கைத்திறனைவிடக் கடினமானது பேச்சு. கேஸ் எடுப்பது என்று மாணவர்கள் சொல்வார்கள், நோயாளியிடம் கேட்டுக் கேட்டு நோயின் வரலாற்றை எழுதுவது. ஆன்லைனில் இதைச் சொல்லித்தரும்போது ஆசிரியரே நோயாளியாக நடிப்பார். "எவ்வளவு நாளா இருமல்?" "மூன்று வாரமாக." எழுதிக்கொள்ளலாம். நிஜப் பாட்டியிடம் கேட்டால், "ரொம்ப நாளா இருக்கு தம்பி" என்பார். எத்தனை நாள் பாட்டிம்மா என்று அழுத்திக் கேட்டால், "பேத்திக்குக் காது குத்துனோம்ல, அப்ப இல்ல. அதுக்குப் பொறவுதான்" என்பார். காது குத்து எப்போது என்று கூட நிற்கும் மகளிடம் கேட்டு, அவர் மாசியில் என்று சொல்லி, அதிலிருந்து மாணவர் வாரக் கணக்குப் போட வேண்டும். மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒருவரிடம் குடிப்பழக்கம் பற்றி எப்படிக் கேட்பது? மாமியார் நிற்கும்போது மருமகளிடம் மாதவிடாய் பற்றி எப்படிக் கேட்பது? சீனியர் ஒருவர் கேட்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பிடிபட்டுவிடும். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில போயி இந்தச் சீட்டைக் காட்டிட்டு வாங்க" என்று துணைக்கு வந்தவரை அனுப்பிவிட்டுக் கேட்பார். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நோயாளியோடு பேசுவதற்கும் மருத்துவ அறத்துக்கும் தனிப் பகுதியே வைத்தது. பாவம், அந்த முதல் பேட்ச் அதைத் தொடங்கிய ஓராண்டுக்குள் ஊரடங்கு வந்துவிட்டது.

முகக்கவசமும் பெரும் தொல்லை கொடுத்தது. காது மந்தமான முதியவர்கள் பலர் எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். உதடு மறைந்ததும் மாணவர் கத்த வேண்டியதாயிற்று. கத்திய குரலில் அக்கறை இருந்தாலும் அது அதட்டல்போலத்தான் கேட்கும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்தது. அந்த முதல் அணியில் வந்த பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவர்கள். கல்லூரிக்குள் நுழைந்த சில மாதங்களிலேயே இரண்டாம் அலை வந்தது. ஆங்கில விரிவுரையைப் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்ல நண்பன்கூட இல்லாமல், விட்டுவிட்டு வரும் சிக்னலில் கேட்டார்கள். நேரடி வகுப்புக்குத் திரும்பியபோது வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஆங்கிலம் வராமல் தடுமாறியவர்களில் இவர்கள் அதிகம். ஆனால் கட்டில் பக்கம் போனால் நிலைமை மாறும். நோயாளியின் பேச்சு இவர்களுக்குச் சொந்தப் பேச்சு. "நெஞ்சு கரிக்குது", "நெஞ்சடைக்குது", "நெஞ்சு படபடங்குது" என்று மூன்று பேர் சொன்னால் அவை மூன்று வேறு கஷ்டங்கள் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆங்கிலப் பள்ளியில் படித்த தோழரோடு ஜோடி சேர்த்துக் கேஸ் எடுக்கவிட்டால் இருவருக்கும் லாபம். அப்படிச் சேர்த்துவிடுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

உடற்கூறியலில் வேறு மாதிரியான சிக்கல் வந்தது. 2020 மார்ச்சிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனாவால் இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தக் கூடாது என்று வழிகாட்டியது. தொற்று பயமும் போக்குவரத்துத் தடையும் சேர்ந்துகொள்ள, உடல் தானம் பெறுவது சிரமமாகிவிட்டது. மாணவர்கள் முப்பரிமாணப் படங்களில் படித்தார்கள். படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பதப்படுத்திய உடலில் எல்லாமே ஏறக்குறைய ஒரே பழுப்பு. எது எது என்று கண் சொல்லாது, விரல்தான் சொல்ல வேண்டும். தமனியை அழுத்தினால் தடித்த சுவருள்ள குழாய் தெரியும். சிரை தளர்ந்து தட்டையாகிவிடும். நரம்பு உள்ளே வெற்றிடம் இல்லாத கயிறு. ஓர் அரை மணி நேரம் கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தவருக்கு வாழ்நாள் முழுக்க வரும் அறிவு இது. ஆகவே நேரடி வகுப்பு தொடங்கியதும் சில மணி நேரமாவது டிசெக்‌ஷன் ஹாலை மேல் வகுப்பு மாணவர்களுக்கும் திறந்துவைப்பது நல்லது. அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள் என்பதற்காகக் கதவை மூட வேண்டியதில்லை.

அடுத்தது மயக்கம். பலர் வெளியே சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதன்முதலாக ஆபரேஷன் தியேட்டரிலோ பிரசவ அறையிலோ நிற்கும் மாணவர் மயங்கி விழுவது எப்போதும் நடப்பதுதான். வழக்கமாக முதலாண்டிலேயே டிசெக்‌ஷன் ஹாலின் ஃபார்மலின் நெடி, இரத்தம், புண் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். இடைவெளிக்குப் பின் வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்த்தார்கள். நெடுநேரம் அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும். இரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சியில் நரம்பு மண்டலம் இதயத் துடிப்பைக் குறைத்து இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். மூளைக்குப் போகும் இரத்தம் குறையும், கண் இருளும். வெறும் வயிறு, புழுக்கம், தூக்கமின்மை ஆகியவை இதைத் தூண்டும். இது கோழைத்தனமும் இல்லை, மருத்துவத்துக்கு லாயக்கில்லை என்பதற்கு அடையாளமும் இல்லை.

போஸ்டிங் நாளில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கெண்டைக்கால் சதையை இயக்க வேண்டும். தலை லேசாகத் தொடங்கியதும் தொடை, கை, வயிற்றுத் தசைகளைச் சில விநாடி இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். அதற்கும் அடங்காவிட்டால் மேசையை விட்டு விலகித் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். "சிஸ்டர், தலை சுத்துது" என்று சொன்னால் எந்த தியேட்டர் சிஸ்டரும் சிரிக்க மாட்டார், அவர் இதைப் பலமுறை பார்த்திருப்பார். திரும்பத் திரும்ப மயக்கம் வந்தால் டாக்டரிடம் காட்டிக்கொள்வது அவசியம்.

நர்சிங் மாணவிகளின் பாடு இன்னும் கடுமை. கானுலா போடுவது, கேத்தட்டர் வைப்பது, டிரஸ்ஸிங் மாற்றுவது, பிரசவம் பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து லாக் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டிலிருந்தபடி பிரசவம் பார்க்க முடியுமா? கல்லூரி திறந்ததும் விட்டுப்போன எண்ணிக்கையும் அந்த ஆண்டுக்குரிய எண்ணிக்கையும் சேர்ந்து கழுத்தை நெரித்தன. ஒரு பிரசவத்தைச் சுற்றி ஆறு மாணவிகள் நின்றால் ஒருவருக்குத்தான் கை படும். மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்த்ததைச் செய்ததாகக் கணக்கு எழுதுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, செய்தது நிஜமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் துணிவு கல்லூரி நிர்வாகத்துக்கு வேண்டும். பிசியோதெரபி மாணவர்களும் ஒருவர் உடம்பில் ஒருவர் பழகிப் படிப்பவர்கள்தான். ஊரடங்கில் தம்பி தங்கையின் முட்டியை மடக்கி நீட்டிப் பழகியவர்கள் அவர்கள். லேப் டெக்னீஷியன் மாணவர்களுக்கு அந்த வழியும் இல்லை, மைக்ரோஸ்கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

2021 மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு பயிற்சி மருத்துவர்களைக் கொரோனா பணியில் ஈடுபடுத்தலாம், இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்கும் லேசான நோயாளிகளைக் கண்காணிக்கவும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வகுப்பறைக்கே சரியாகத் திரும்பாதவர்கள் நெருக்கடிக்குள் இறக்கப்பட்டார்கள். பல கைகள் அங்கேதான் பழகின. நேரில் பார்த்த மரணங்களைப் பற்றி அவர்களிடம் உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு.

வெளிநாட்டில் படித்தவர்கள் கதையையும் விட்டுவிட முடியாது. சீனாவில் படித்துவந்த இந்திய மாணவர்கள் 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு மறுபடி விசா கிடைக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். உக்ரைனில் படித்தவர்கள் 2022இல் போரால் ஓடிவந்தார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இரண்டிலும் நிறைய. இவர்களில் இறுதியாண்டில் இருந்து, 2022 ஜூன் 30க்குள் பட்டம் முடித்தவர்களைத் தகுதித் தேர்வு எழுதத் தேசிய மருத்துவ ஆணையம் அனுமதித்தது. ஆனால் தேறிய பிறகு ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று நிபந்தனை போட்டது. கடன் வாங்கிப் படிக்கவைத்த பெற்றோருக்கு இது பேரிடி. அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆனாலும் வார்டில் கழியாத நாளை வார்டில்தான் ஈடுசெய்ய முடியும் என்ற ஆணையத்தின் முடிவைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு கண்ணியும் அறுந்தது. மருத்துவக் கல்லூரியில் பாதிப் படிப்பு சீனியர் சொல்லித்தருவது. எந்த வார்டில் நல்ல கேஸ் இருக்கிறது, எந்தப் பேராசிரியர் வைவாவில் எதைக் கேட்பார், நைட் டியூட்டிக்கு எதைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் சாயங்காலம் விடுதித் திண்ணையில் கைமாறும். இரண்டு பேட்ச் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வளர்ந்தன. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 1,450 இடங்களோடு ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்டன. விருதுநகர், நீலகிரி, ராமநாதபுரம் போன்ற இடங்களில் சேர்ந்த முதல் அணிக்குச் சீனியர் என்று ஒருவருமே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் ஹவுஸ் சர்ஜனையோ அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்சையோ சிறு குழுவுக்குப் பொறுப்பாளராக விடுவது பெரிய உதவி. கானுலா போடுவதில் பதினைந்து வருடம் வார்டில் இருந்த சிஸ்டரை மிஞ்ச எந்தப் பேராசிரியராலும் முடியாது.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று. ரெக்கார்டிங்கை நள்ளிரவில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் காலை எட்டு மணி வார்டு தண்டனை. ஒரே நாளில் மாற்ற முயன்றால் தோற்றுப்போவார்கள். தினம் கால் மணி, அரை மணி என்று எழும் நேரத்தை முன்னே கொண்டுவந்து, எழுந்ததும் வெயில் படும்படி கொஞ்சம் நடந்தால் உடம்பின் கடிகாரம் தானே திரும்பும்.

மனச்சுமையை மட்டும் இப்படி வீட்டு வைத்தியத்தோடு விட்டுவிடக் கூடாது. மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024இல் அறிக்கை தந்தது. 25,590 இளநிலை மாணவர்கள் பதில் அளித்த ஆன்லைன் கணக்கெடுப்பில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மேல். கொரோனா முடிந்து இத்தனை காலம் கழித்தும் இந்த நிலை. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'மனம்' என்ற பெயரில் மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. கல்லூரிக்கு உள்ளே பேசத் தயக்கம் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அழைக்க வேண்டும், கூட இருக்கும் ஒருவரிடமும் சொல்ல வேண்டும்.

பெற்றோர் மகனையோ மகளையோ கல்லூரியில் விட்டுவிட்டு வந்த பின் போனில் மார்க் எவ்வளவு என்று கேட்பதோடு, இன்று யாரைப் பார்த்தாய், என்ன செய்தாய் என்றும் கேட்கலாம். வார்டுக்கே போகாமல் விடுதி அறையில் கிடக்கிறார்கள் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் வராது, முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எம்.பி.பி.எஸ். தேர்வுக்கு உட்காரப் பாட வகுப்பில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை வேண்டும். அது குறையத் தொடங்கும்போதே துறைத் தலைவரை நேரில் பார்த்து, விட்டுப்போன போஸ்டிங்கை எந்த மாதத்தில் திரும்பச் செய்யலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால், ஆண்டு இறுதியில் தேர்வு அறைக்கு வெளியே நிற்க வேண்டியிருக்காது.